சிங்கப்பூர் தண்ணீர் பில்: வந்த நீருக்கும் போன நீருக்கும் எவ்வளவு?

எஸ்பி குழுமம் மாதாமாதம் அனுப்பும் பில்லில் மின்சாரம், தண்ணீர், குப்பை அகற்றல் எல்லாம் ஒன்றாகவே இருக்கும், அதனால் நம்மில் பலர் கடைசியில் உள்ள மொத்தத் தொகையை மட்டும் பார்த்துக் கட்டிவிடுகிறோம். இந்த மாதம் தண்ணீர்ப் பகுதியை மட்டும் நிதானமாகப் படித்துப் பாருங்கள். மூன்று தொகைகள் தனித்தனியாக இருக்கும்.

முதலாவது தண்ணீர்க் கட்டணம். 2025 ஏப்ரல் 1 முதல் ஒரு கனமீட்டருக்கு, அதாவது 1,000 லிட்டருக்கு, 1.43 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). இரண்டாவது தண்ணீர்ச் சேமிப்பு வரி, கட்டணத்தில் பாதி, 72 காசு வரும். மூன்றாவது கழிவுநீர்க் கட்டணம், 1.09 வெள்ளி. கூட்டினால் 3.24 வெள்ளி, அதன்மேல் 9 விழுக்காடு பொருள் சேவை வரி. மாதம் 15 கனமீட்டர் புழங்கும் வீட்டுக்கு 48.60 வெள்ளி, வரியோடு 53 வெள்ளிக்குக் கொஞ்சம் குறைவு. 40 கனமீட்டரைத் தாண்டினால் தாண்டிய அளவுக்கு மட்டும் விலை கூடும், சேமிப்பு வரியும் 65 விழுக்காடாகிவிடும். நாலு பேர் உள்ள வீட்டில் மாதப் புழக்கம் 40 கனமீட்டரைத் தொட்டால் எங்கோ ஒழுகுகிறதா என்று பாருங்கள். முதலில் கழிவறைத் தொட்டியில் கொஞ்சம் உணவு வண்ணம் ஊற்றி வையுங்கள்; ஃபிளஷ் செய்யாமலே வண்ணம் கீழே இறங்கினால் கசிவு அங்கேதான்.

சரி, தண்ணீருக்குக் காசு கொடுத்தாயிற்று, வெளியே போகிற அழுக்கு நீருக்கும் எதற்குக் காசு என்று பலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். முன்பு வீட்டில் எத்தனை கழிவறை என்று எண்ணித் தனியாக ஒரு கட்டணம் வாங்கினார்கள், 2017 ஜூலையில் அதை எடுத்துவிட்டு எல்லாவற்றையும் புழங்கும் நீரின் அளவோடு சேர்த்துவிட்டார்கள். வெளியேறும் நீருக்குத் தனி மீட்டர் கிடையாது, உள்ளே வந்த அளவை வைத்தே கணக்கு, செடிக்கு ஊற்றியதும் அதில் அடங்கும்.

அந்தக் காசு செய்யும் வேலை பெரியது. சிங்கப்பூரில் மழைநீர் வடிகாலும் கழிவுநீர்க் குழாயும் வேறு வேறு. மழைநீர் பெரும்பாலும் நீர்த்தேக்கத்துக்குப் போகும், நம் சமையலறை நீரும் கழிவறை நீரும் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகும். வடக்கே கிராஞ்சியிலிருந்து கிழக்கே சாங்கி வரை 48 கிலோமீட்டர் ஆழச் சுரங்கம் ஒன்று சரிவாகவே வெட்டப்பட்டிருக்கிறது, கழிவுநீர் தன் எடையிலேயே ஓடிச் சேரும். சாங்கி நிலையம் 2008 முதல் அதைச் சுத்தம் செய்கிறது. அப்புறம் நுண்சவ்வு வடிகட்டல், அழுத்தத்தில் இன்னும் நுண்ணிய சவ்வு வழியாக நீரைத் தள்ளும் எதிர்சவ்வூடுபரவல், புறஊதாக் கதிர் என்று மூன்று கட்டம் கடந்தால் அதுவே நியூவாட்டர் என்ற மறுசுத்திகரிப்பு நீர். 2003 முதல் வரும் இந்த நீரில் பெரும்பகுதி சிப் ஆலைகள் போன்ற தொழிற்கூடங்களுக்கும், வறண்ட மாதங்களில் ஒரு பங்கு நீர்த்தேக்கங்களுக்கும் போகிறது. மலேசியாவின் ஜொகூர் ஆற்றிலிருந்து நமக்கு நீர் தரும் ஒப்பந்தம் 2061இல் முடிகிறது. அதனால் நாம் கொட்டும் நீர்தான் இந்த நாட்டுக்கு நாளைய ஊற்று, அந்த 1.09 வெள்ளியை நான் மனதாரவே கட்டுகிறேன்.

ஆனால் கிடைக்க வேண்டிய சலுகையை விட்டுவிடாதீர்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் தகுதியுள்ள சிங்கப்பூர்க் குடும்பங்களுக்கு ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களில் யூ-சேவ் என்ற அரசாங்கத் தள்ளுபடி பில்லிலேயே தானாகக் கழியும், விண்ணப்பம் வேண்டாம். சிறிய வீட்டுக்குத் தொகை அதிகம். ஒன்றுக்கு மேற்பட்ட சொத்து வைத்திருக்கும் குடும்பத்துக்குக் கிடையாது. ரொக்கமாக எடுக்க முடியாது, மிச்சம் இருந்தால் அடுத்த பில்லுக்குப் போகும்.

மின்சாரம், தண்ணீர் மிச்சப்படுத்தும் சாதனங்கள் வாங்க அரசாங்கம் தரும் பருவநிலைப் பற்றுச்சீட்டு அப்படித் தானாக வராது, சிங்பாஸ் என்ற அரசாங்க மின்னடையாளக் கணக்கு வழியாக நாமே பெற வேண்டும். வீவக வீட்டுக்கு மொத்தம் 400 வெள்ளி, 2027 டிசம்பர் 31 வரை செல்லும். தண்ணீர்ச் சிக்கனத்துக்கான மூன்று டிக் முத்திரை உள்ள ஷவர், குழாய், கழிவறைத் தொட்டிக்கும் இதைப் பயன்படுத்தலாம். வண்ணச் சோதனையில் பழைய தொட்டி மாட்டிக்கொண்டால் முதல் செலவை அதற்கே வைத்துக்கொள்ளுங்கள்.