பாலும் காலும் ஒன்றாகக் கேட்கும்போது

மட்டக்களப்புப் பழுகாமத்து வீட்டில் அம்மம்மாவிடம், "பால் குடிக்கிறீங்களா?" என்று கேட்டேன். "கால் நோவில்ல மகன்" என்றார். உரத்துக் கேட்டேன், அதே பதில்தான். காது மந்தமாகிப் பல வருடமானாலும், முந்தி என் முகத்தைப் பார்த்துச் சரியாகவே பதில் சொல்லுவார். இடையில் கெட்டது கண். இரண்டிலும் புரை.

உள்காதில் நத்தை ஓடு போலச் சுருண்ட உறுப்பில் ஏறக்குறைய 15,000 மயிர்க்கலங்கள் இருக்கின்றன. செத்தால் திரும்ப முளைக்காது. முதுமையில் முதலில் போவது உயர் அதிர்வெண்ணை வாங்கும் கலங்கள். அதனால் 'ஆ' நன்றாகக் கேட்கும். ப, க தொடங்கும் அந்தக் கணநேர வெடிப்பு நழுவிவிடும். கத்தினாலும் 'ஆல்' தான் பெருக்கும். அந்த ஓட்டையை அடைத்து வந்தது கண். ப சொல்ல உதடு மூட வேண்டும், க சொல்ல வேண்டாம். கண் மங்கியதும் காதும் இன்னொருமுறை செவிடாகிறது. கூட்டல் கணக்கில் இது அடங்காது.

பிறவியிலேயே இரண்டும் பாதிக்கப்படுவதும் உண்டு. கர்ப்பத்தின் முதல் மாதங்களில் தாய்க்கு வரும் ருபெல்லா ஒரு காரணம். இலங்கையில் 1996 முதல் தடுப்பூசி போடுகிறார்கள். காது கேளாமையோடு பிறந்து, வளர வளரக் கண்ணும் மங்கும் அஷர் நோய் மரபுவழி வருவது, நெருங்கிய சொந்தத்தில் கல்யாணம் செய்தால் வாய்ப்புக் கூடும். காது கேளாத பிள்ளை மம்மல் பொழுதில் தடுக்கி விழுந்தால் கண்ணையும் காட்டுங்கள். ஆனால் இரண்டும் பாதிக்கப்பட்டவர் தொகை பெருகுவது முக்கியமாக முதியவர்களால்தான்.

காதும் கண்ணும் சேர்ந்து பாதிக்கப்பட்டவர்களின் உலகச் சம்மேளனம் (WFDB) 2018இல் சொன்ன மதிப்பீடு, கடுமையான பாதிப்பு மட்டும் உலக மக்கள்தொகையில் 0.2 சதவீதம். 2012 குடிசன மதிப்பீட்டில் மட்டக்களப்பு மாவட்டத்தில் 5 இலட்சத்து 26 ஆயிரம் பேர். அந்த வீதத்தில் போட்டால் ஆயிரம் பேருக்கு மேல். கண்ணுக்கு ஒரு கிளினிக், காதுக்கு இன்னொன்று. இரண்டு கொப்பியிலும் இருப்பவர் யார் என்று எந்தக் கொப்பியும் சொல்லாது. பிரதேச செயலகத்தில் முதலில் இந்தப் பெயர்களை ஒரே பட்டியலில் சேர்க்க வேண்டும். காது மந்தமானவருக்குப் புரை என்றால் சத்திரசிகிச்சை வரிசையில் முன்னுக்கு விடவேண்டும். அவருக்கு அது காதுக்கும் செய்யும் வைத்தியம்.

அப்புறம், தொடுகை. விரல் நுனி ஏறக்குறைய 2 மில்லிமீற்றர் இடைவெளியில் உள்ள இரு புள்ளிகளைப் பிரித்தறியும். பிரெய்ல் புள்ளிகளின் இடைவெளி 2.5. உள்ளங்கையில் எழுத்து எழுதலாம், கைக்குள் கைவைத்துச் சைகை பேசலாம். சத்திரசிகிச்சைத் திகதி வரும்வரை நாங்களும் பழகுகிறோம். கோப்பையைத் தொடவைத்து இரண்டு தட்டு, அது பால். என் மணிக்கூட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, "எப்ப மகன் வந்த?" என்கிறார்.