தண்ணிக்குள்ள நிக்கிற செடி ஏன் வாடுது?

செடி தலையைத் தொங்கப் போட்டுச்சுன்னா நம்ம கை நேரா மக்குக்குத்தான் போகும். பால்கனி தக்காளியோ, ஹால்ல வச்ச பீஸ் லில்லியோ, ஜன்னலோரத் துளசியோ, எதுவா இருந்தாலும் "ஐயோ தாகமா இருக்கு போல"ன்னு ஒரு மக் ஊத்திடறோம். சில நேரம் அது சரியாவே இருக்கும், கொஞ்ச நேரத்துல நிமிர்ந்துடும். ஆனா சில நேரம் மண்ணு ஏற்கனவே சொதசொதன்னு இருக்கும், இருந்தும் இலை தொங்கும், நாம இன்னொரு மக் ஊத்துவோம், மறுநாள் இன்னும் மோசமா தொங்கும், அப்புறம் இன்னொரு மக், அப்புறம் ஒரு நாள் தொட்டியோட குப்பைக்குப் போகும். வீட்டுக்குள்ள வளர்க்கற செடிங்க காய்ஞ்சு சாகறதைவிட இப்படி முங்கித்தான் அதிகம் சாகுதுன்னு எந்த நர்சரிக்காரரைக் கேட்டாலும் சொல்வார்.

இலை தொங்குதுன்னா இலைக்குத் தண்ணி வந்து சேரலை. அதுல இருந்து தெரியறது அவ்வளவுதான். மண்ணுல தண்ணி இருக்கா இல்லையாங்கறது வேற கேள்வி, அதை இலையைப் பார்த்து சொல்லவே முடியாது.

முதல்ல இலை எப்படி நிக்குதுன்னு பாருங்க. அதுக்குள்ள எலும்பு மாதிரி எதுவும் கிடையாது. ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் சர்க்கரையும் உப்புகளும் கரைஞ்சிருக்கு, அதனால சவ்வூடுபரவல்ல (உப்பும் சர்க்கரையும் அதிகமா இருக்கற பக்கத்துக்குச் சவ்வு வழியா தண்ணி போறது) தண்ணி உள்ள வந்துக்கிட்டே இருக்கும், செல்சுவர் ஒரு அளவுக்கு மேல விரியாம தடுக்கும், உள்ள அழுத்தம் ஏறும். பள்ளிக்கூடப் புத்தகத்துல விறைப்பழுத்தம்னு படிச்சிருப்போம். பெட்ரோல் பங்க்ல கார் டயருக்கு 32 பி.எஸ்.ஐ வச்சு அனுப்பறாங்கல்ல, நல்லா தண்ணி குடிச்ச இலையோட செல்லுக்குள்ள 50, 100 எல்லாம் சாதாரணமா இருக்கும். அது இறங்கினா இலை, இளங்காம்பு எல்லாம் துவண்டுடும்.

இந்தப் பக்கம் இலை தண்ணியை விட்டுக்கிட்டே இருக்கு. 1724ல இங்கிலாந்துல ஸ்டீஃபன் ஹேல்ஸ்னு ஒரு பாதிரியார், மூணரை அடி உயர சூரியகாந்திச் செடி இருந்த தொட்டியோட வாயை ஈயத்தகடு போட்டு மூடிட்டு, 15 நாள் காலையும் சாயங்காலமும் எடை போட்டுப் பார்த்தார். பகல் 12 மணி நேரத்துல சராசரியா 20 அவுன்ஸ், அதாவது அரை லிட்டருக்கு மேல தண்ணி இலை வழியா காணாம போயிருந்துச்சு. வேர் உறிஞ்சறதுல கிட்டத்தட்ட 97 சதவீதம் இப்படி ஆவியாத்தான் போகுது, செடி தன் உடம்புக்குன்னு வச்சுக்கறது ரொம்பக் கொஞ்சம். மேல ஆவியாகறப்போ உண்டாகற இழுவிசைதான் கீழேர்ந்து தண்ணியைத் தூக்குதுன்னு 1894ல டப்ளின்ல டிக்ஸனும் ஜோலியும் சொன்னாங்க. தண்ணி மூலக்கூறுங்க ஒண்ணை ஒண்ணு விடாம பிடிச்சுக்கறதால அந்த இழுப்பு இலைலேர்ந்து வேர் நுனி வரைக்கும் அறாம போகுது. அதனால வரவு குறைஞ்சாலும் தொங்கும், செலவு ஏறினாலும் தொங்கும். மே மாசம் மத்தியானம் மண்ணு ஈரமா இருந்தும் பூசணி இலை துவண்டு, சாயங்காலம் தானா நிமிருதே, அது செலவு ஏறினதால. அதுக்குப் போய் தண்ணி ஊத்த வேண்டியதில்லை.

சரி, மண்ணுல குளம் மாதிரி தண்ணி இருக்கறப்போ வரவு ஏன் குறையுது? இங்கதான் எனக்கு இந்த விஷயமே பிடிச்சுப் போச்சு.

வேருக்கும் மூச்சு வேணும். இலை ஆக்ஸிஜன் விடுதுங்கறதையே நாம பிடிச்சுக்கிட்டு இருக்கோம், ஆனா மண்ணுக்கடியில இருக்கற வேருக்கு வெளிச்சமும் கிடையாது ஒளிச்சேர்க்கையும் கிடையாது, மேலேர்ந்து வர்ற சர்க்கரையை ஆக்ஸிஜன் வச்சு எரிச்சுத்தான் அது வாழணும். அந்த ஆக்ஸிஜன் மண்துகள்களுக்கு நடுவுல இருக்கற சந்துகள் வழியா காத்தா வருது. நாம ஊத்தி ஊத்தி அந்தச் சந்தை எல்லாம் அடைச்சுட்டா, தண்ணிக்குள்ள ஆக்ஸிஜன் பரவற வேகம் காத்துல பரவறதைவிட பத்தாயிரம் மடங்கு குறைவு. இருப்பும் கம்மி, ஒரு லிட்டர் காத்துல சுமார் 270 மில்லிகிராம் ஆக்ஸிஜன்னா, 25 டிகிரில ஒரு லிட்டர் தண்ணில 8 மில்லிகிராம்தான் கரையும், சூடு ஏற ஏற அதுவும் குறையும். சூட்டுல வேருக்கு மூச்சு இன்னும் அதிகமா வேணுங்கறதால நம்ம ஊர் கோடைக்கு இது ரெட்டை அடி.

மூச்சு முட்டின வேர் நொதித்தலுக்கு, அதாவது ஆக்ஸிஜன் இல்லாமலே சர்க்கரையை அரைகுறையா உடைக்கறதுக்கு, மாறிடும். ஒரு குளுக்கோஸ்லேர்ந்து 30 ஏ.டி.பி (செல் செலவு பண்ற சக்திக் காசு) கிடைச்ச இடத்துல இப்ப ரெண்டு. செல்லுக்குள்ள அமிலத்தன்மை ஏறுது. வேர் செல்லோட சவ்வுல தண்ணி போறதுக்குன்னே குட்டிக் குட்டி புரத வாசல்கள் இருக்கு, அக்வாபோரின்னு பேர், அதைக் கண்டுபிடிச்சதுக்காக பீட்டர் ஆக்ரேக்கு 2003ல வேதியியல் நோபல் கொடுத்தாங்க. அதே 2003லதான் பிரான்ஸ்ல மோன்பெலியேல இருக்கற ஒரு குழு காட்டினாங்க, ஆக்ஸிஜன் இல்லாம செல் அமிலமாறப்போ இந்த வாசல் எல்லாம் சாத்திக்குதுன்னு. சுத்தி முழுக்கத் தண்ணி, வேர் கதவை மூடிக்கிட்டு நிக்குது, மேல இலை ஆவியாக்கிக்கிட்டே இருக்கு. தொங்காம என்ன செய்யும்!

இதுல இன்னொரு சங்கதியும் உண்டு. சில செடில, முக்கியமா தக்காளில, இலை துவளவே துவளாது, விறைப்பாவே இருக்கும், ஆனா காம்பு மட்டும் கீழ்நோக்கி வளைஞ்சு தொங்கும். எத்திலீன் பண்ற வேலை அது. பழம் பழுக்க வைக்குமே அதே வாயுதான். எத்திலீன் உண்டாகறதோட கடைசிப் படிக்கு ஆக்ஸிஜன் வேணும், முங்கின வேர்ல அது இல்லை, அதனால அதுக்கு முந்தின பொருளான ஏ.சி.சி வேர்லயே சேர்ந்து, தண்ணியோட தண்ணியா மேல ஏறி, இலைக்குப் போய் அங்க ஆக்ஸிஜன் கிடைச்சதும் எத்திலீனா மாறுது. 1980ல கலிஃபோர்னியால டேவிஸ் பல்கலைக்கழகத்துல பிராட்ஃபோர்டும் யாங்கும் தக்காளிச் செடிலயே இதைக் காட்டினாங்க. எத்திலீன் பட்டா காம்போட மேல்பக்க செல்கள் கீழ்ப்பக்கத்தைவிட வேகமா நீளுது, இலை கவிழ்ந்துடுது. அப்ப இலையைக் கையால தொட்டுப் பார்க்கறது நல்ல சோதனை: காய்ஞ்ச செடியோட இலை துணி மாதிரி மெல்லிசா உயிரில்லாம இருக்கும், முங்க ஆரம்பிச்ச தக்காளியோட இலை கெட்டியாவே இருந்துக்கிட்டு கீழ பார்க்கும். ஆனா வேர் அழுகற அளவுக்குப் போயிட்டா ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியும், அப்ப தொட்டியைத்தான் விசாரிக்கணும்.

தொட்டியைத் தூக்கிப் பாருங்க. ஒரு லிட்டர் தண்ணி ஒரு கிலோ, ஆக நல்லா ஊத்தி வடிஞ்சப்புறம் ஒரு தடவை தூக்கி, காய்ஞ்சப்போ ஒரு தடவை தூக்கி வித்தியாசத்தைக் கை பழகிட்டா ஆன்லைன்ல விக்கற மலிவு ஈரமானி எல்லாம் தேவையே படாது (அதுல பல, மண்ணுல உப்பு இருந்தாலே ஈரம்னு காட்டும்). மேல்மண்ணை மட்டும் நம்பாதீங்க, மேல ரெண்டு இஞ்ச் பொடியா காய்ஞ்சு கிடக்கும், அடியில சேறா இருக்கும். ஏன்னா எந்தத் தொட்டிலயும் வடிய வேண்டியது எல்லாம் வடிஞ்சப்புறமும் அடியில ஒரு பட்டை அளவுக்குத் தண்ணி தங்கியே தீரும், மண்கலவையோட நுண்துளை அதைப் பிடிச்சு வச்சுக்கும். அந்தப் பட்டையோட உயரம் கலவையைப் பொறுத்தது, தொட்டி உயரத்தைப் பொறுத்தது இல்லை. அதனால குட்டையான தொட்டில பாதிக்குப் பாதி சேறாவே இருக்கும், உயரமான தொட்டில அடி மட்டும். "அடில ஜல்லி போடுங்க, நல்லா வடியும்"னு காலங்காலமா சொல்றாங்களே, அது நேர்மாறா வேலை செய்யுது: பொடி மண்ணுலேர்ந்து பெரிய ஜல்லிக்குத் தண்ணி சுலபமா இறங்காது, ஈரப்பட்டை ஜல்லிக்கு மேல ஏறி நிக்கும், அதாவது வேருக்கு இன்னும் கிட்ட வந்துடும். ஓட்டை பெருசா இருந்து, கலவைல பெர்லைட்டோ (பொரி மாதிரி லேசான வெள்ளைக் கல்) கரடுமுரடான தேங்காய் நாரோ இருந்தா போதும்.

சந்தேகம்னா செடியை மெதுவா உருவி வேரைப் பாருங்க. வெள்ளையா உறுதியா இருந்தா நல்லது. பழுப்பா, சாக்கடை வாடையோட, இழுத்தா மேல்தோல் கழண்டு நூல் மாதிரி உள்வேர் மட்டும் கைல வந்தா, பித்தியம் மாதிரி வேரை அழுக வைக்கற கிருமி ஏதோ உள்ள பூந்திருக்கு. ரொம்ப நாள் பூஞ்சைன்னே நினைச்சாங்க, உண்மைல அது வேற வம்சம், அதோட வித்துங்க வாலை ஆட்டி ஈரத்துல நீந்திப் போகும், நாம ஊத்தற தண்ணிதான் அதுக்கு ரோடு. அழுகினதை வெட்டிட்டு புதுக் கலவைல நட்டு, நேர் வெயில் படாம வைக்கணும். உரம் போடவே கூடாது, ஏன்னா உப்பு ஏறினா சவ்வூடுபரவல் திரும்பிடும், இருக்கற தண்ணியும் வேரை விட்டு வெளிய வரப் பார்க்கும். வேர் இன்னும் அழுகலைன்னா தொட்டியைச் சாய்ச்சு வச்சாலே அடில தங்கினதுல கொஞ்சம் வடியும், அப்புறம் காய விட்டா போதும்.

உண்மையாவே காய்ஞ்ச செடிக்கும் ஒரு தந்திரம் தேவைப்படும். பொள்ளாச்சிலேர்ந்து உலகம் பூரா போற கொக்கோபீட், அதாவது தேங்காய் நார்த்தூள், இருக்கே, முழுசா காய விட்டா சுருங்கி தொட்டிச் சுவரை விட்டு விலகிடும், மேல ஊத்தறது எல்லாம் அந்த இடுக்கு வழியா ஓடி தட்டுக்கு வந்துடும், நாம தட்டைப் பார்த்து "ஆஹா நிறைஞ்சிடுச்சு"ன்னு போயிடுவோம். தொட்டி லேசாவே இருந்தா பக்கெட் தண்ணில அரை மணி நேரம் உக்கார வச்சு எடுத்து வடிய விடுங்க.

ராத்திரி மட்டும் இலை மடங்கறதுக்குப் பயப்பட வேணாம். தூங்குமூஞ்சி மரமும் புளியும் தினமும் பண்றதுதான், காம்படில இருக்கற புடைப்பு தண்ணியை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் மாத்தி மடக்குது, விளக்கு போட்டு வீட்டுக்குள்ள வளர்க்கற செடிங்களும் சிலது லைட் அணையற நேரத்துக்கு முன்னாடியே இறங்க ஆரம்பிக்கும்.

தொட்டி எடையும் சரி, வேரும் வெள்ளை, இருந்தும் தக்காளியோ கத்தரியோ பச்சை இலையோடவே ரெண்டு மூணு நாள்ல சடக்குன்னு வாடுதுன்னா, அடித்தண்டை வெட்டி ஒரு கண்ணாடி டம்ளர்ல தெளிஞ்ச தண்ணில தொடற மாதிரி பிடிச்சுப் பாருங்க. கொஞ்ச நேரத்துல வெட்டின இடத்துலேர்ந்து பால் மாதிரி வெள்ளை இழை இறங்கினா அது பாக்டீரியா வாடல், தண்ணிக்குழாய் பூரா கிருமி அடைச்சிருக்கு. அந்தச் செடியைப் பிடுங்கி எறிஞ்சிடுங்க, அந்த மண்ணுல மறுபடி தக்காளி, கத்தரி, மிளகாய் எதையும் வைக்காதீங்க.