தலையைப் படம் எடுத்தால் போதாது

வன்னியில் காளான் என்றால் மாரியின் முதல் மழைகளோடு கறிச்சட்டிக்குப் போகும் புற்றுக்காளான்தான் பலருக்கு நினைவுக்கு வரும். அதே மழையில், நகக்கண்ணை விடச் சிறிய எத்தனையோ வகைகள் காலடியில் முளைத்து இரண்டு மூன்று நாளில் காணாமல் போகின்றன. ஐப்பசியில் வடகீழ்ப் பருவமழை பிடித்ததிலிருந்து தை வரைதான் அவற்றுக்கு நல்ல காலம். கோடையில் பங்கசு செத்துப்போவதில்லை. உக்கிய கட்டைக்குள்ளும் சருகுக்கு அடியிலும் மெல்லிய இழைகளாகப் பரவிக் கிடக்கும். போதிய ஈரம் கிடைத்ததும் வித்திகளைப் பரப்புவதற்கு வெளியே தள்ளுகிற உறுப்பைத்தான் நாம் காளான் என்கிறோம்.

இவற்றைத் தேடிப் படம் எடுக்க அடர்காட்டுக்குள் போகத் தேவையில்லை. மாட்டுப்பட்டி, பழைய வைக்கோல் குவியல், குளக்கட்டோரம் விழுந்து கிடக்கும் மருதங்கொப்பு, வேலிக்கரைச் சருகு, இவ்வளவும் போதும். யானையை விடுங்கள், கண்ணிவெடி அகற்றி முடியாத இடங்கள் இன்னும் இருக்கின்றன. நிலத்தைப் பார்த்தபடி குனிந்து நடக்கிறவர் சிவப்பு மண்டையோட்டுப் பலகையைக் கவனிக்க மாட்டார். ஆட்கள் நடமாடும் பாதையோரத்தில் ஓரிடம் பார்த்துக் குந்தியிருங்கள். முதலில் ஒன்றும் தெரியாது. கண் பழகிய பிறகு, வெறும் ஈர்க்கு என்று நினைத்ததில் வரிசையாகக் குடை நிற்பது தெரியும்.

நான் யாருக்கும் முதலில் காட்டுவது சாணத்தைத்தான். புதுச் சாணத்தில் கொஞ்சம் எடுத்து, வாயகன்ற கண்ணாடிப் போத்தலில் போட்டு, ஈரம் காயாமல் மூடி வெளிச்சமான இடத்தில் வையுங்கள். சில நாளில் பைலோபோலஸ் என்ற சாணப் பங்கசு முளைக்க நல்ல வாய்ப்பு உண்டு. சில மில்லிமீற்றர் உயரத்தில் நிறமில்லாத காம்பு, அதன் மேல் நீர் ததும்பும் குமிழ், குமிழின் உச்சியில் கறுப்புத் தொப்பி. வித்திகள் அந்தத் தொப்பிக்குள் இருக்கின்றன. குமிழ் ஒரு வில்லையாக வேலை செய்து, விழும் ஒளியைக் கீழே உள்ள ஒளியுணர் பகுதியில் குவிக்கிறது. ஒளி ஒரு பக்கம் சாய்ந்து விழுந்தால் காம்பு வளைந்து, வெளிச்சம் வரும் திசைக்கு நேராகிறது. உள்ளே நீரின் அமுக்கம் ஏறிக்கொண்டே போய் ஒரு கட்டத்தில் குமிழ் வெடிக்க, தொப்பி 2 மீற்றர் தூரம் வரைகூடப் பறக்கிறது.

இத்தனை பாடு எதற்கு? மாடு தன் சாணத்தை ஒட்டி முளைத்த புல்லை மேயாது. வித்திகள் தள்ளியிருக்கும் புல்லில் போய் ஒட்டினால்தான் மாட்டின் வயிற்றுக்குள் போய், சமிபாடு அடையாமல் அடுத்த சாணத்தோடு வெளியே வரமுடியும். போத்தலைக் கறுப்புக் கடதாசியால் சுற்றி ஒரு பக்கத்தில் மட்டும் சின்னத் துளை விட்டுப் பாருங்கள். துளை இருக்கும் இடத்தைச் சுற்றியே கண்ணாடியின் உட்புறத்தில் கறுப்புப் புள்ளிகள் குவிந்திருக்கும்.

சரி, படம். இங்கே பெரிய தலையிடி குவிய ஆழம், அதாவது படத்தில் கூர்மையாக விழும் தடிப்பு. பொருளைக் கமராவின் உணரியில் அதன் உண்மை அளவுக்கே விழச் செய்யும் மக்ரோ வில்லையில், துவாரம் எப் 8 என்று வைத்தால், கூர்மையாக விழுவது ஏறத்தாழ 1 மில்லிமீற்றர் தடிப்பு மட்டும். குடையின் முன்விளிம்பு தெளிந்தால் காம்பு மங்கும். துவாரத்தை மிகவும் சுருக்கினால் ஒளி விளிம்பில் வளைந்து படம் முழுவதுமே மெழுகியதுபோல் ஆகிவிடும். அதனால் குவியத்தைச் சிறிது சிறிதாக நகர்த்திப் பல படங்கள் எடுத்து, மென்பொருளில் ஒன்றாக அடுக்குகிறார்கள். கைபேசியில் மாட்டும் சின்ன வில்லையும் தொடக்கத்துக்குப் போதும், ஆனால் கையில் பிடிக்காமல் ஒரு கல்லில் சாய்த்துவைத்து, நேரங்குறித்துத் தானாக எடுக்க விட வேண்டும். பிளாஷ் வெள்ளைக் காளானை வெளிறடித்துவிடும். மேகமூட்டமும், நிழல் பக்கம் பிடித்த ஒரு வெள்ளைத்தாளும் நல்ல வெளிச்சம் தரும்.

மேலிருந்து எடுத்த அழகான ஒரு படத்தை அனுப்பி "இது என்ன?" என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்வது கடினம். அடையாளம் பெரும்பாலும் கீழேதான் இருக்கிறது: குடைக்கு அடியில் வரிசையாக இருக்கும் தகடுகளான செவுள்கள் காம்பைத் தொடுகின்றனவா, அடிக்காம்பில் மயிர் உண்டா, எதில் முளைத்தது, பாலைமரக் கட்டையிலா, சருகிலா, சாணத்திலா. பக்கத்தில் ஓர் அடிமட்டத்தையும் வைத்து எடுங்கள்.

மராஸ்மியஸ், மைசீனா என்ற இரண்டு காளான் சாதிகளும் (ஒவ்வொன்றிலும் பல இனங்கள் உண்டு) சருகில் மெல்லிய காம்போடு நிற்கும், படத்தில் குழப்பும். பல மராஸ்மியஸ்களின் காம்பு குதிரைமயிர் மாதிரிக் கறுத்து விறைப்பாக இருக்கும். காய்ந்து சுருங்கியதைத் தண்ணீரில் போட்டால் மறுபடி விரியும். மைசீனா காய்ந்தால் காய்ந்ததுதான். காய்ந்த கொப்புகளில் நரைத்த விசிறிபோல் ஒட்டியிருக்கும் ஷைசோபில்லம் கொம்யூனைக் கைவில்லையால் திருப்பிப் பாருங்கள், ஒவ்வொரு செவுளும் நீளவாக்கில் பிளந்திருக்கும். வெயிலில் பிளவுகள் சுருண்டு மூடும், மழை பட்டதும் விரிந்து வித்தி சிந்தத் தொடங்கும்.

அதற்கு மேல் நுணுக்குக்காட்டி வேண்டும். அயடீன் கலந்த மெல்சர் கரைசலில் பெரும்பாலான மைசீனா வித்திகள் நீலம் கலந்து கறுக்கும், மராஸ்மியஸ் வித்திகள் அப்படி நிறம் மாறா. செயலிகள் சொல்லும் இனப்பெயரை நான் நம்புவதில்லை. இனம் தெரியாமல் "மராஸ்மியஸ்" என்று சாதிப்பெயரோடு நிறுத்திக்கொள்வது குறைவு ஒன்றுமில்லை. படத்தைப் பார்த்துச் சாப்பிடலாமா என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்தான்: வேண்டாம்.

இலங்கைக் காளான்களைப் பற்றிய பழைய அறிவு பெரும்பாலும் பேராதனைத் தாவரவியல் பூங்காவிலிருந்து வந்தது. 19ஆம் நூற்றாண்டில் அதன் பொறுப்பாளராக இருந்த த்வெயிட்ஸ் அங்கிருந்து சேர்த்து அனுப்பியவற்றை இங்கிலாந்தில் பங்கசு ஆய்வாளர்களான பெர்க்கிலியும் புரூமும் விவரித்தார்கள். 1905இல் பங்கசு ஆய்வாளர் பெட்ச் வந்து அந்த வேலையைத் தொடர்ந்தார். அவர்கள் விவரித்தவற்றோடு இன்றும் ஒப்பிட முடிகிறதென்றால், மாதிரிகளைக் காயவைத்துப் பாதுகாத்ததால்தான். நீங்களும் பொறுக்க அனுமதியுள்ள இடத்தில் ஒன்றிரண்டை எடுத்துக் காயவைத்து, திகதி, இடம், முளைத்த பொருள் எழுதிக் கடதாசி உறையில் போடுங்கள். ஈரத்தோடு பொலித்தீன் பையில் போட்டால் மறுநாள் அதன்மேல் வேறொரு பூஞ்சணம் படர்ந்திருக்கும், பிறகு எதைப் பார்த்து அடையாளம் காண்பது?