வாட்டில் சம்மதம், மொழி, பதிவு: தாதியரின் கடமையும் நோயாளியின் உரிமையும்

திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையிலோ கிண்ணியா, மூதூர், கந்தளாய் ஆதார வைத்தியசாலைகளிலோ அனுமதிக்கப்படும் ஒருவர் ஒரு நாளில் வைத்தியரைச் சில நிமிடங்களே காண்கிறார்; எஞ்சிய நேரமெல்லாம் அவரைப் பார்த்துக்கொள்பவர்கள் தாதியர்களே. ஆகவே நோயாளிக்கு உரியதென்று சட்டம் சொல்வது, ஊசி போடுவது, திரை இழுப்பது, படிவத்தில் ஒப்பம் வாங்குவது போன்ற சிறு செயல்களில்தான் காக்கப்படுகிறது அல்லது கைவிடப்படுகிறது. அரசாங்க வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம் என்பதால் கேள்வி கேட்கத் தயங்குபவர்கள் நம்மிடையே பலர். இலவசம் என்பதால் உரிமை எதுவும் குறைந்துவிடுவதில்லை.

இலங்கையில் தாதியர் தொழிலை ஒழுங்குபடுத்துவது 1988ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலங்கைத் தாதியர் பேரவைச் சட்டமாகும். அரச சேவையில் உள்ளவர்களைத் தாபன விதிக்கோவையும் கட்டுப்படுத்துகிறது. சர்வதேச தாதியர் பேரவை 1953இல் முதன்முதலாக ஏற்று, கடைசியாக 2021இல் திருத்திய ஒழுக்க நெறிக்கோவை உலகெங்கும் தாதியர் கல்வியில் இடம்பெறுகிறது. நோயாளியின் முடிவை மதித்தல், நன்மை செய்தல், தீங்கு தவிர்த்தல், எல்லோரையும் நீதியாக நடத்துதல் ஆகிய நான்கும் அந்தக் கல்வியின் அடிப்படை. பரீட்சைக்கு இவற்றை மனனம் செய்வது இலகு. நாற்பது நோயாளிகள் உள்ள வாட்டில் இரவு வேலையின்போது கடைப்பிடிப்பதுதான் கடினம்.

முதலாவது சம்மதம். தம்பலகாமத்திலிருந்து வந்த ஒரு வயோதிபத் தாயாரை நான் ஒரு வாட்டில் கண்டேன்; நீரிழிவினால் அவருடைய கால் விரல் கறுத்திருந்தது. படிவத்தில் பெருவிரல் அடையாளம் வாங்கப்பட்டது. மை காய்வதற்குள் அவர், "இதில என்ன எழுதியிருக்கு, பிள்ளை?" என்று கேட்டார். "டொக்டர் சொல்லுவார் அம்மா" என்ற பதிலே கிடைத்தது. விரலை எடுக்கப் போகிறார்கள் என்பதை, தியேட்டருக்குக் கொண்டுபோகத் தள்ளுவண்டியில் ஏற்றியபோதுதான் அவர் அறிந்தார். அந்தப் படிவத்தில் அடையாளம் இருந்தது, சம்மதம் இருக்கவில்லை. என்ன செய்யப்போகிறார்கள், ஏன், அதனால் வரக்கூடிய ஆபத்து என்ன, செய்யாவிட்டால் என்ன ஆகும், வேறு வழி உண்டா என்பவற்றை விளக்குவது சத்திரசிகிச்சை செய்யும் வைத்தியரின் பொறுப்பு. தாதியரின் பொறுப்பு, நோயாளி அதை விளங்கிக்கொண்டாரா என்று பார்ப்பதும், விளங்கவில்லையென்றால் ஒப்பம் வாங்காமல் நிறுத்தி வைத்தியரை மீண்டும் அழைப்பதுமாகும். "மிஸ்ஸி, இவருக்கு இன்னும் விளங்கவில்லை" என்று சக தாதி சொன்னால் அதை வேலைத் தாமதம் என்று எவரும் கருதக் கூடாது.

பதினெட்டு வயது நிறைந்த, சுயநினைவுள்ள ஒருவரின் சம்மதத்தை அவரே தர வேண்டும். கணவனின் ஒப்பம் மனைவியின் சம்மதத்துக்கு மாற்றாகாது. சிறுவர்களுக்குப் பெற்றோர் அல்லது பாதுகாவலர் சம்மதிக்கலாம். உயிராபத்தான நிலையில், பேச முடியாதவருக்கு, சம்மதத்துக்காகக் காத்திருக்காமல் உயிர்காக்கும் சிகிச்சை செய்யலாம். விளங்கிக்கொண்டபின் சிகிச்சையை மறுப்பதும் நோயாளியின் உரிமையே. மறுத்தவரைக் கடிந்துகொள்ளாமல், மறுப்பின் விளைவை எடுத்துச் சொல்லி, அதைப் பதிந்துவைக்க வேண்டும்.

நமது மாவட்டத்தில் சம்மதம் பெரும்பாலும் மொழியில்தான் தடைப்படுகிறது. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒரே வாட்டில் படுத்திருக்கிறார்கள்; தாதியரும் மூன்று சமூகங்களிலிருந்தும் வருகிறார்கள். தமிழும் அரசகரும மொழி என்பது 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தினால் அரசியலமைப்பில் சேர்க்கப்பட்டது. ஆகவே தனக்கு விளங்கும் மொழியில் விளக்கம் கேட்பவர் சலுகை எதையும் கேட்கவில்லை. பக்கத்துக் கட்டிலில் இருப்பவரையோ பத்து வயதுப் பேரப்பிள்ளையையோ மொழிபெயர்க்கச் சொல்வது வழக்கமாகிவிட்டது. ஆனால் மாதவிடாய், கருச்சிதைவு, புற்றுநோய் பற்றிய செய்தியை ஒரு பிள்ளையின் வாயால் சொல்லவைப்பது இரகசியத்தையும் அந்தப் பிள்ளையின் மனதையும் ஒருங்கே காயப்படுத்தும். மொழி தெரிந்த உத்தியோகத்தரை அடுத்த வாட்டிலிருந்தாவது அழைப்பதே முறை. பெண் நோயாளி பெண் தாதியைக் கேட்பதையும், திரை இழுக்குமாறு கேட்பதையும் இயன்றவரை நிறைவேற்ற வேண்டும்.

மருந்து கொடுப்பதற்குச் சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் என்ற விதி எல்லோருக்கும் தெரியும். "நீங்கள் பாத்திமாவா?" என்று கேட்டால் மயக்கத்தில் உள்ளவரும் "ஓம்" என்பார். "உங்கள் பெயர் என்ன?" என்று கேட்க வேண்டும். பென்சிலின் போன்ற மருந்துகளுக்கு முன் ஒவ்வாமை உண்டா என்று கேட்டு, பதிலையும் எழுத வேண்டும். எழுதப்பட்ட அளவு பிழையென்று தோன்றினால், வைத்தியரிடம் கேட்டு உறுதிப்படுத்தும்வரை ஊசியைக் கையிலேயே வைத்திருப்பது கீழ்ப்படியாமை அல்ல, கடமை.

பி.எச்.ரி. என்று வாட்டில் அழைக்கப்படும் நோயாளர் பதிவேடு, நீதிமன்றத்தில் சாட்சியாகக்கூடிய ஆவணம். செய்ததைச் செய்த நேரத்தோடு எழுத வேண்டும். செய்யாததை எழுதக் கூடாது. பிழையை அழிக்காமல் ஒரு கோட்டால் வெட்டி, திகதியிட்டு ஒப்பமிட வேண்டும். ஒரு குழந்தையின் மரணம் தொடர்பாக வைத்தியருக்கு எதிராகத் தொடரப்பட்ட வழக்கில், கவனக்குறைவைக் காட்டுவது மட்டும் போதாது, இழப்புக்கு அதுவே காரணம் என்பதும் நிரூபிக்கப்பட வேண்டும் என்று 2001இல் உயர் நீதிமன்றம் கூறியது. பதிவேடு முறையாக இல்லாவிட்டால் அந்தக் காரணத்தொடர்பை நோயாளியால் நிறுவ முடியாது; கடமையைச் சரியாகச் செய்த தாதியாலும் அதைக் காட்ட முடியாது.

நோயாளியின் விபரம் ஊர்க்காரர், உறவினர் எவர் கேட்டாலும் அவருடைய அனுமதியின்றிச் சொல்லக் கூடாதது. காயத்தைக் கைபேசியில் படமெடுத்து வட்ஸ்அப்பில் அனுப்புவதும் அதே மீறல். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலை விசேட வகைத் தரவாகக் கொள்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டமும், ஒருவரது எழுத்துமூலச் சம்மதமின்றி அவருடைய மருத்துவப் பதிவைப் பிறருக்கு வெளியிடுவதைத் தடுக்கிறது. அதேவேளை, அரச வைத்தியசாலையிடமிருந்து தகவல் பெற விரும்புபவர் அச்சட்டத்தின்கீழ் அங்குள்ள தகவல் உத்தியோகத்தரிடம் விண்ணப்பிக்கலாம். வழங்குவதா இல்லையா என்ற முடிவு 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்கப்பட வேண்டும்.

குறை இருந்தால் முதலில் வாட்டுப் பொறுப்புத் தாதிய சகோதரியிடமும், பின்னர் பணிப்பாளரிடம் எழுத்திலும் தெரிவிக்கலாம். பாரபட்சம் போன்ற அடிப்படை உரிமை மீறலாயின், திருகோணமலையில் உள்ள மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகத்தில் முறையிடலாம்; உயர் நீதிமன்றத்தில் மனுச் செய்வதற்கான கால எல்லை ஒரு மாதம் என்பதால் தாமதிக்கக் கூடாது. கவனக்குறைவுக்கான நட்டஈட்டு வழக்கை இரண்டு ஆண்டுகளுக்குள் தொடர வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் திகதிகளும் கடதாசிகளும் தேவைப்படும். வீட்டுக்கு விடும்போது தரப்படும் டயக்னோசிஸ் கார்ட்டையும் கிளினிக் கொப்பியையும், நனையாதபடி ஒரு பையிலிட்டு, வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.