சமாதானக் கடிதம் யார் பேருக்கு?

அமெரிக்க வரலாற்றுத் தாள் நடத்துவதால், மாணவர் கட்டுரைகளில் ஜெனரல் ராபர்ட் லீ அடிக்கடி எட்டிப் பார்ப்பார். உள்நாட்டுப் போரில் அடிமை முறையை விட மறுத்த தென் மாநிலங்களின் தளபதி; 1865 ஏப்ரலில் சரணடைந்தவர். கெட்டிஸ்பர்க் போர்க்களத்தில் நினைவுக் கற்கள் நட 1869-இல் அவரை அழைத்தார்கள். போர்ப் புண்களை ஆறவிடாமல் வைத்திருப்பதைவிட மறப்பதே மேல் என்று எழுதி மறுத்துவிட்டார். அந்த வரியோடு ‘பெருந்தன்மையாளர்’ என்று கட்டுரை முடிந்துவிடும்.

கடிதம் உண்மைதான். ஆனால் கடிதத்தை ஆதாரமாக எடுப்பவர் முதலில் அது யார் பேருக்கு என்று பார்க்க வேண்டும். லீ கைகொடுத்தது வடக்கத்தி வெள்ளையருக்கு. அடிமைத்தனத்திலிருந்து விடுதலையான ஏறக்குறைய 40 லட்சம் கறுப்பினத்தவரைப் பற்றி என்ன நினைத்தார் என்பதற்கு வேறு தாள்களைப் புரட்ட வேண்டும்.

1868 ஆகஸ்ட், அதிபர் தேர்தல் நெருங்கிய சமயம். ஒயிட் சல்ஃபர் ஸ்பிரிங்ஸ் என்ற ஊரிலிருந்து, வடக்குத் தரப்பின் முன்னாள் தளபதி ரோஸ்கிரான்ஸுக்கு லீயும் தென்னகப் பிரமுகர்களும் கையெழுத்திட்டு ஒரு கடிதம் எழுதினார்கள். கறுப்பினத்தவர்மேல் பகை இல்லை, எங்களுக்கு அவர்களும் அவர்களுக்கு நாங்களும் தேவை என்று கனிவாகவே போகும். அடுத்தாற்போல, அரசியல் அதிகாரத்தைத் தாங்கும் தகுதி அவர்களுக்கு இல்லை என்று வரும். (வாக்குரிமை மறுப்பை இத்தனை பணிவாக எழுதி நான் வேறெங்கும் படித்ததில்லை.) 1866 பிப்ரவரியில் நாடாளுமன்றக் குழு லீயை விசாரித்தபோது இந்தப் பணிவுகூட இல்லை: அவர்கள் தன் சொந்த மாநிலமான வர்ஜீனியாவை விட்டுப் போனால் நல்லது என்றார்.

அதனால் வகுப்பில் லீயின் கடிதத்தைத் தனியாகக் கொடுப்பதில்லை. வெஸ்லி நோரிஸின் வாக்குமூலத்தையும் சேர்த்தே கொடுக்கிறேன். நோரிஸ், லீயின் மாமனார் பண்ணையில் அடிமையாக இருந்தவர். மாமனாரின் உயிலை நிறைவேற்றும் பொறுப்பு லீயிடம் இருந்தபோது, 1859-இல் தப்பி ஓடிப் பிடிபட்டார். லீ உத்தரவில் தனக்கு 50 கசையடி விழுந்தது, கிழிந்த முதுகில் உப்புநீர் ஊற்றினார்கள் என்று 1866-இல் பத்திரிகையில் சொன்னார். லீ பொதுவில் வாய் திறக்கவில்லை; தனிக் கடிதத்தில் மறுத்தார். தப்பியவர்களைப் பிடித்துவந்ததற்குப் பணம் கொடுத்த விவரம் அவருடைய கணக்குப் புத்தகத்திலேயே இருக்கிறது.