16 டெராபைட்டைக் காக்க ஒரே ஒரு டிஸ்க் போதுமா?

கல்யாண வீடியோ எடுக்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "தலா 4 டெராபைட்டில் நாலு ஹார்ட் டிஸ்க் வைத்திருக்கிறேன், எல்லாம் நிறைந்துவிட்டது. பேக்கப் எடுக்க இன்னும் நாலு வாங்கக் கட்டுப்படியாகாது. வேறு வழி உண்டா?"

கிளவுடில் ஏற்றலாம். ஆனால் நொடிக்கு 50 மெகாபிட் வேகத்தில் இரவு பகலாக ஏற்றினாலும் ஒரு மாதம் பிடிக்கும். மாத வாடகை வேறு. அதைவிட, ஐந்தாவதாக ஒரு 4 டெராபைட் டிஸ்க் வாங்குங்கள். நாலில் எது போனாலும் அதை மீட்டுவிடலாம்.

16 டெராபைட்டை 4-க்குள் அடைக்க முடியாதே என்று தோன்றும். அடைப்பதே இல்லை, அங்கேதான் அழகு. டிஸ்க்கில் எல்லாமே 0 அல்லது 1 என்ற பிட்டுகளாகத்தான் பதிவாகிறது. நாலு டிஸ்க்கிலும் முதல் பிட்டை மட்டும் பாருங்கள்: 1, 0, 1, 1. மூன்று ஒன்றுகள், ஒற்றைப்படை. ஐந்தாவதில் ஒரு 1 எழுதி இரட்டைப்படை ஆக்குகிறோம். இதற்குப் பாரிட்டி என்று பெயர். இப்போது மூன்றாவது டிஸ்க் செத்துவிட்டது. மிச்சம் 1, 0, 1, அப்புறம் பாரிட்டியின் 1. மறுபடி மூன்று ஒன்றுகள். கூட்டினால் இரட்டைப்படை வந்தாக வேண்டும், ஆகவே தொலைந்தது 1. மூன்றாவதுக்குப் பதில் இரண்டாவது போயிருந்தால்? மிச்சம் நாலும் ஒன்றுகள், ஏற்கெனவே இரட்டைப்படை, தொலைந்தது 0. இதையே 32 லட்சம் கோடி பிட்டுகளுக்கும் செய்தால் முழு டிஸ்க்கும் திரும்பிவிடும். ஐந்தாவது டிஸ்க்கில் ஒரு படம்கூடக் கிடையாது. எது சாகும் என்று முன்கூட்டி அதற்குத் தெரியவும் வேண்டாம். எத்தனை முறை போட்டுப் பார்த்தாலும் எனக்கு இது அலுக்கவில்லை.

மலிவான டிஸ்க்குகளை இப்படிக் கூட்டுச் சேர்ப்பதை 'ரெய்டு' என்று பெயரிட்டு 1988-இல் கட்டுரையாக வெளியிட்டவர்கள் அமெரிக்காவின் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம், பெர்க்லியைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ். பெர்க்லி ஓர் அரசுப் பல்கலைக்கழகம். நம் அரசுப் பல்கலைக்கழகங்களின் ஆராய்ச்சிக்கும் பணம் தாராளமாக வர வேண்டும் என்று நான் சொல்லிக்கொண்டே இருப்பது இதனால்தான்.

எடுத்தபின் மாறாத வீடியோக்களுக்கு 'ஸ்னாப்ரெய்டு' என்ற இலவச மென்பொருள் பொருத்தம். தினமும் ஒருமுறை ஓடவிட்டுப் பாரிட்டியைப் புதுப்பித்தால் சரி.

ஆனால் ஒரே நேரத்தில் இரண்டு டிஸ்க் போனால் ஒரு பாரிட்டி காப்பாற்றாது. திருட்டு, தீ என்றால் ஐந்துமே போகும். நல்ல கம்பெனி டிஸ்க் போகாது என்பது வெறும் மூடநம்பிக்கை. அதனால் திரும்ப எடுக்கவே முடியாத படங்களை மட்டும் பொறுக்கி, தனி டிஸ்க்கில் போட்டு, வேறு ஊரில் இருக்கும் அக்கா வீட்டில் வையுங்கள். பொங்கலுக்குப் போகும்போது புதியதை ஏற்றுங்கள். பழைய கோப்புகள் நாலைந்தையும் திறந்து பாருங்கள்.