ஈ.சி.ஆர். பாஸ்போர்ட்டில் வளைகுடாவுக்கு வேலைக்குப் போகிறவர்கள் கையெழுத்துக்கு முன் பார்க்க வேண்டியது

எங்கள் பக்கம் ஈ.சி.ஆர். என்றால் தொண்டி, தேவிபட்டினம் வழியாக ராமநாதபுரம் வந்து, கீழக்கரை, சாயல்குடி என்று தூத்துக்குடிக்குப் போகும் ரோடுதான். பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் இருக்கும் ஈ.சி.ஆர். வேறு. வேலைக்காக வெளிநாடு போகுமுன் அரசிடம் குடிபெயர்வு அனுமதி வாங்க வேண்டும் என்பது அதன் அர்த்தம். 1983-ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டத்திலிருந்து வருவது. பத்தாம் வகுப்பு தேறியவர், 50 வயதைத் தாண்டியவர், வருமான வரி கட்டுகிறவர், ஏற்கெனவே மூன்று வருடம் வெளிநாட்டில் இருந்தவர் போன்றவர்களுக்கு இது கிடையாது. மற்றவர்கள் சவூதி, அமீரகம், கத்தார், குவைத், ஓமன், பஹ்ரைன், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக இந்த அனுமதி கட்டாயம். சிங்கப்பூர் அந்தப் பட்டியலில் இல்லை.

விண்ணப்பம் போட்டுக் கொடுக்கும் கடை வைத்திருப்பதால் சொல்கிறேன். ஈ.சி.ஆர். என்று இருப்பதை ஏதோ குறை மாதிரி நினைத்து, எப்படியாவது அதை எடுத்துவிடச் சொல்லி வருகிறவர்கள் நிறைய. பத்தாவது தேறிய சான்றிதழ் இருந்தால் தாராளமாக மாற்றிக்கொள்ளலாம். ஆனால் அது குறை இல்லை. ஈ.சி.ஆர். ஆளுக்குத்தான் வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் இணையதளத்தில் முதலாளியின் பெயர், வேலை, சம்பளம், ஒப்பந்தம் எல்லாம் பதிவாகி, குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகம் பார்த்து அனுமதி தருகிறது. அனுமதிக் கட்டணம் 200 ரூபாய். கூடவே பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீடும் எடுத்தாக வேண்டும். இரண்டு வருடத்துக்கு 275 ரூபாய், மூன்று வருடத்துக்கு 375 ரூபாய், வரி தனி. விபத்தில் இறந்தாலோ நிரந்தரமாக முடங்கினாலோ 10 லட்சம். ஒரு கிலோ நண்டு விலைக்கு இதைவிட நல்ல பாதுகாப்பு கிடைக்காது.

இத்தனையையும் ஒரே அடியில் காலி செய்வது விசிட் விசா. ‘இப்போதைக்கு விசிட்ல ஏறு, அங்க போய் மாத்திக்கலாம்’ என்று ஏஜென்ட் சொன்னால், இந்த அனுமதியைத் தாண்டிப் போகச் சொல்கிறார் என்று அர்த்தம். அனுமதி இல்லையென்றால் அந்தக் காப்பீடும் இல்லை. போய் இறங்கும் நாட்டில் விசிட் விசாவில் வேலை பார்ப்பதே குற்றம். சம்பளம் வரவில்லை என்று புகார் கொடுக்கப் போனால் முதல் கேள்வி நம் விசாவைப் பற்றித்தான் வரும்.

ஏஜென்ட் விஷயத்தில் இரண்டைப் பார்த்தால் போதும். ஒன்று, லைசென்ஸ் எண். பதிவு பெற்ற ஏஜென்ட் தன் விளம்பரத்தில் அதைப் போட்டிருக்க வேண்டும். இ-மைக்ரேட் தளத்தில் அந்த எண்ணைத் தேடினால் லைசென்ஸ் நடப்பில் இருக்கிறதா, நிறுத்தி வைக்கப்பட்டதா, காலாவதியா என்று தெரியும். ஊருக்குள் அலையும் சப்-ஏஜென்டுக்குச் சட்டத்தில் இடமே இல்லை. இரண்டு, பணம். சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய், ஜி.எஸ்.டி. சேர்த்து 35,400. ரசீது தர வேண்டும். ஒன்றேகால் லட்சத்தை ஏஜென்டின் மைத்துனர் நம்பருக்கு ஜி-பே செய்துவிட்டு, ‘ரசீதா, அதெல்லாம் கேக்கலண்ணே’ என்று என்னிடம் சொன்னவர்கள் உண்டு.

சரி, சம்பளத்துக்கு வருவோம். மண்டபம் பக்கத்திலிருந்து ஒரு தம்பி துபாய் ஆஃபர் லெட்டரைப் போனில் கொண்டுவந்தார், பிரிண்ட் எடுக்க. “1,200 திர்ஹாம்னு போட்டிருக்குல்ல, அப்புறம் என்னண்ணே?” என்றார். கீழே சின்ன எழுத்தில் பிரித்துப் போட்டிருந்தது: அடிப்படைச் சம்பளம் 600, இதர படி 600. மாதா மாதம் கைக்கு வருவது ஒன்றுதான். ஆனால் ஓவர்டைமுக்கும், வேலையை விட்டு வரும்போது கிடைக்கும் பணிக்கொடைக்கும் கணக்கு அந்த 600-லிருந்துதான். அமீரகச் சட்டப்படி ஒரு வருடம் முடித்தவருக்கு, முதல் ஐந்து வருடம் வரை வருடத்துக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம் பணிக்கொடை. 600 என்றால் நாளுக்கு 20, வருடத்துக்கு 420, நாலு வருடத்துக்கு 1,680 திர்ஹாம். அதே 1,200-ல் அடிப்படை 1,000 என்று இருந்தால் நாலு வருடத்துக்கு 2,800. ஓவர்டைமுக்கு அடிப்படைச் சம்பளத்தோடு 25 சதவீதம் கூடுதல், இரவு 10 மணியிலிருந்து காலை 4 வரை என்றால் 50 சதவீதம். அடிப்படையைக் குறைத்துப் போட்டால் அதுவும் சுருங்கும்.

அந்த ஆஃபர் லெட்டரைத் தமிழிலும் கேட்டு வாங்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. அமீரகத் தொழிலாளர் அமைச்சகம் ஒப்பந்தப் படிவத்துக்கு அனுமதித்திருக்கும் 11 மொழிகளில் தமிழும் ஒன்று. அங்கே 2022 பிப்ரவரியிலிருந்து நடப்பில் உள்ள தொழிலாளர் சட்டம், ஆள் எடுக்கும் செலவைத் தொழிலாளியிடம் வாங்கக் கூடாது என்கிறது. பாஸ்போர்ட்டை முதலாளி பிடித்து வைப்பதற்கும் தடை. ‘விசா செலவு’ என்று மாதா மாதம் பிடித்தால் அது சட்டப்படி இல்லை. வீட்டு வேலை, வீட்டு டிரைவர் விசாவில் போகிறவர்களுக்கு மட்டும் சட்டம் தனி.

கம்பெனி சம்பளத்தைக் கையில் கொடுக்காமல் வங்கி வழியாகத்தான் போட வேண்டும் என்ற முறை அமீரகத்தில் 2009-லும், சவூதியில் 2013-லும், கத்தாரில் 2015-லும் வந்தது. யாருக்கு எவ்வளவு என்ற பட்டியலைக் கம்பெனி அனுப்ப, வங்கி கணக்கில் ஏற்ற, தொழிலாளர் அமைச்சகம் அதைப் பார்த்துக்கொண்டே இருக்கும். சம்பளம் போடாத கம்பெனிக்குப் புது ஆள் எடுக்க அனுமதி நிற்கும். கத்தாரில் 2021 மார்ச்சிலிருந்து குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளம் 1,000 ரியால். தங்குமிடம் தராவிட்டால் 500, சாப்பாடு தராவிட்டால் 300 அதற்கு மேல்.

இந்த வலையில் ஓட்டை விழுந்திருப்பது நம் ஆட்கள் நிற்கும் இடத்தில்தான். அமீரகக் குடிமக்கள் சொந்தமாக வைத்திருக்கும் மீன்பிடிப் படகுகளுக்கு இந்த வங்கிச் சம்பள முறையிலிருந்து விலக்கு உண்டு. ஏப்ரல் 15-லிருந்து 61 நாள் தடைக்காலம் தொடங்கினால் என் கடையில் மீன்பிடி விசா விசாரிப்பும் தொடங்கிவிடும். பாம்பன், தங்கச்சிமடம் ஆட்களிடம் நான் சொல்வது, ஒப்பந்தத்தில் மாதச் சம்பளம் என்று இருக்கிறதா, பங்கு என்று இருக்கிறதா என்பதை முதலில் பார்க்கச் சொல்லித்தான். பங்கு என்றால் டீசல், ஐஸ், ரேஷன் கழித்த பிறகா, கழிக்கும் முன்னாலா? மீன் படாத மாதத்துக்கு என்ன? இங்கே வாய்ப்பேச்சில் ஓடும் கணக்கு அங்கே அரபி பேசும் படகு உரிமையாளரிடம் ஓடாது. கையில் வாங்கும் காசுக்குத் தேதி போட்டு நோட்டில் எழுதி, முடிந்தால் அவரிடமே கையெழுத்து வாங்க வேண்டும். வாங்கியவுடன் ஊருக்கு அனுப்பும் ரசீதும் பின்னால் சாட்சியாகப் பயன்படும். எல்லை தாண்டும் தொல்லையும் அங்கே உண்டு. பஹ்ரைன் படகில் போன தமிழ்நாட்டு மீனவர்களை ஈரான் முன்பு பிடித்து வைத்ததுண்டு. படகை எங்கே ஓட்டச் சொன்னது யார் என்பதற்கும் ஆதாரம் தேவைப்படும்.

பெண்களுக்கு ஒரு வார்த்தை. ஈ.சி.ஆர். பாஸ்போர்ட்டில் இந்த 18 நாடுகளுக்கு வீட்டு வேலைக்குப் போக 30 வயது நிரம்பியிருக்க வேண்டும், அரசு நிறுவனங்கள் வழியாகத்தான் போக முடியும். தமிழ்நாட்டில் அது சென்னையிலுள்ள அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம். தனியார் ஏஜென்ட் ‘நான் அனுப்புகிறேன்’ என்றால் அங்கேயே எழுந்து வந்துவிடலாம்.

சம்பளம் நின்றால் அந்த நாட்டுத் தொழிலாளர் அமைச்சகத்திலும் இந்தியத் தூதரகத்திலும் புகார் கொடுக்கலாம். வெளியுறவு அமைச்சகத்தின் ‘மதத்’ (MADAD) என்ற புகார் இணையதளத்தில் ஊரிலிருந்து குடும்பத்தாரே பதிவு செய்யலாம். அமைச்சகத்தின் இலவச உதவி எண் 1800 11 3090. தமிழக அரசின் அயலகத் தமிழர் நலத் துறையும் இருக்கிறது. எங்கே போனாலும் கேட்பது பாஸ்போர்ட் நகல், ஒப்பந்தம், முதலாளியின் பெயர், விலாசம். போன மாதம் ஓர் அக்கா புகார் போட வந்தார். வீட்டுக்காரர் ஆறு வருடமாக எந்தக் கம்பெனியில் இருக்கிறார் என்று அவருக்குத் தெரியவில்லை, போனில் இருந்தது அவர் யூனிஃபார்மோடு நிற்கும் ஒரு போட்டோ மட்டும். சட்டைப் பையில் தைத்திருந்த பெயரைப் பெரிதாக்கிப் பார்த்துத்தான் புகாரை எழுதத் தொடங்கினோம்.